ஆஜரான கோதண்டபாணி

வேகவதி ஆற்றங்கரையை ஒட்டிய சாயக்காரத் தெருவில் ஒருவரை வீட்டுக்கு வெளியே வரவழைக்க வேண்டுமானால் நாலு தடவை கூப்பிட வேண்டும். முதல் மூன்று கூப்பாட்டுக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தெருவின் கொல்லைப்பக்கம் மயானம். அங்கிருந்து வருவது எதுவானாலும் அதனால் மூன்று தடவைக்கு மேல் கூப்பிட முடியாது என்பது அந்தத் தெருவின் தீர்மானம். தெரியாத்தனமாகப் பதில் சொன்னவன் கூடவே கிளம்பிப் போக வேண்டியதுதான். தபால்காரர் இது தெரிந்து நாலு தடவை கூப்பிடுவார். மோர்க்காரி நாலு தடவை கூப்பிடுவாள். ஒரு வீட்டில் தீப்பிடித்தபோதுகூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அடுத்த கூரையும் சேர்ந்து எரிந்தது. மற்றபடி அந்த வழக்கத்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை, கோர்ட்டு என்று ஒன்று குறுக்கே வரும் வரையில்.

கோதண்டபாணி அந்தத் தெருவில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். முழங்கை வரை அவர் கைக்குச் சொந்த நிறம் இருந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு மாசம் அரக்கு, ஒரு மாசம் கிளிப்பச்சை, முகூர்த்தக் காலத்தில் மாம்பழ மஞ்சள். அவர் வீடு தெருவின் மேல் இல்லை. ஒரு சந்து வழியாக உள்ளே போக வேண்டும். சந்தின் வாயில் கலியன் வீடு. அறுபத்தெட்டாம் வருஷம் கலியன் தன் பெண்ணைப் பட்டணத்து மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை, வீட்டில் கக்கூஸ் இல்லாத ஊருக்கு இனிமேல் வருவதாக இல்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஏறினார். கலியன் வீட்டில் அதற்கு இடம் இல்லை. சந்தில் இருந்தது. மறுநாளே குறுக்கே மூங்கில் தட்டி கட்டிவிட்டு, சந்து எங்கள் பாட்டன் சொத்து என்றார்.

அதற்குப் பிறகு கோதண்டபாணியும் அவர் மனைவி லோகாம்பாளும் வீட்டுக்குப் போக ஒரே ஒரு வழிதான் இருந்தது. மயானம். ஈர நூல் கழிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, எரிகிறதைச் சுற்றிக்கொண்டு போய்க் கொல்லைக் கதவைத் தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் திறக்க, வெளியே நிற்பவர் அந்த இடத்திலிருந்து நாலு தடவை கூப்பிட வேண்டும்.

"பொணத்துக்குக்கூட தெரு வழியா பாதை வுடறாங்க. நமக்கு இல்ல" என்றாள் லோகாம்பாள். "போய் கேஸைப் போடு. இல்லன்னா நான் அந்தத் தட்டியக் கொளுத்திட்டு ஜெயிலுக்குப் போறேன். அங்க வாசல் வழியாத்தான வுடுவாங்க."

கேஸ் எங்களிடம் வந்தது. நான் அப்போது ராஜகோபால் வக்கீலிடம் குமாஸ்தா.

ஏனாத்தூர் போகிற பக்கத்தில் ஒரு பழைய பங்களாவில் கூடுதல் முன்சீப் கோர்ட்டு என்று ஒன்று நடந்தது. இப்போது பங்களாவும் இல்லை, கோர்ட்டும் இல்லை. நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கத்திரி வெயிலிலும் அந்தக் கூடத்தின் தெற்கு மூலை மட்டும் கிணற்றடி போலச் சில்லென்று இருக்கும். அங்கே ஒரு தூண். கூடத்தில் கூட்டம் நெருக்கியடிக்கிற நாளிலும் அந்தத் தூணடியில் ஓர் ஆள் குந்துகிற அளவு இடம் காலியாகவே கிடக்கும். இடிபடுகிறவர்கள்கூட அங்கே நகர மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. வெள்ளைக்காரன் காலத்துத் துணி விசிறிப் பங்கா ஒன்று கயிறு அறுந்து மேலே தொங்கியது. சில மத்தியானங்களில், காற்றே இல்லாதபோது, அது மெல்ல ஒரு பக்கம் போய்த் திரும்பி வரும். முன்சீப் நிமிர்ந்து பார்க்க மாட்டார். அவர் எதற்குமே நிமிர்ந்து பார்க்கிறவர் இல்லை. நீதிக்குக் கண் கிடையாது என்பதை அவர் எழுத்துப்படி எடுத்துக்கொண்டிருந்தார்.

முதல் வாய்தாவில், பேர் கூப்பிடுகிற டவாலி தாவீது வாசலில் போய் நின்றார். மார்பில் சிவப்புப் பட்டை, பித்தளை வில்லை. அவர் தொண்டையைச் செருமினால் புளியமரத்துக் காக்கைகள் இடம் மாறும்.

"கோதண்டபாணி! கோதண்டபாணி! கோதண்டபாணீ!"

கோதண்டபாணி வாசலுக்கு நேராகத்தான் உட்கார்ந்திருந்தார். பச்சைக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, நாலாவது கூப்பாட்டுக்காகக் காத்திருந்தார். நான் அவர் விலாவில் குத்தினேன். பயனில்லை. முன்சீப் பேனாவை எடுத்து, 'வாதி ஆஜராகவில்லை, வழக்கு தள்ளுபடி' என்று எழுதக் குனிந்தார்.

"இருக்கேங்க" என்று தூண் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

ஈரத் துணியைப் பிழிகிற மாதிரிக் குரல். தூணடியில் யாரும் இல்லை. கூடத்தில் இருந்த எல்லார் கைமயிரும் எழுந்து நின்றது. முன்சீப் மட்டும் நிமிராமல், "வாதி ஆஜர். அடுத்த மாசம்" என்று எழுதி முடித்தார்.

வெளியே வந்ததும் கோதண்டபாணி தாவீதைப் பிடித்துக்கொண்டார். "யாருங்க அது, எம்பேருக்கு பதில் சொன்னது?"

"கண்டுக்காதபா" என்றார் தாவீது. "தென்னேரி ஆளு. ஏரி வாய்க்கா கேஸு. வெள்ளக்காரன் காலத்துலேர்ந்து, வாய்தா வாய்தான்னு திருப்பி அனுப்ப அனுப்ப வந்துக்கினு இருந்தாரு. எங்கப்பாதான் அப்ப டவாலி. ஒரு நாளு அவரு ஒண்ணுக்குப் போன நேரமாப் பாத்து பேரைக் கூப்ட்டுட்டாங்க. திரும்பி வந்தா கேஸு டிஸ்மிஸ். அந்தத் தூணுல சாஞ்சி உக்காந்தவருதான், அப்பறம் ஏந்திருக்கல."

"பேரு?"

"யாருக்குத் தெரியும்? கேஸுக் கட்டைக் கரையான் தின்னுட்டுது. எங்கப்பாவும் போயிட்டாரு. அவருக்கே மறந்துபோச்சி போல. அதான், எந்தப் பேருக்குப் பதில் வரலியோ, ஒருவேள நம்ம பேரா இருக்கும்னு 'இருக்கேங்க'ன்றாரு. பாவம், நல்ல மனுசன். எச்சில் துப்ப மாட்டாரு, பீடி குடிக்க மாட்டாரு."

கோதண்டபாணிக்கு இது தெம்பு தருவதற்குப் பதிலாக இருந்த தெம்பையும் கொண்டுபோய்விட்டது. அவர் சந்தேகப்பட்டது போலவே அங்கே பேய் இருக்கிறது என்று ஆகிவிட்டதல்லவா? அடுத்தடுத்த வாய்தாக்களில் அவர் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. தாவீது மூன்று தடவை கூப்பிடுவார், தூண் பதில் சொல்லும், பச்சைக் கையோ மஞ்சள் கையோ மடியிலேயே கிடக்கும்.

ராஜகோபால் வக்கீல் ஒரு மனுப் போட்டார். எங்கள் கட்சிக்காரர் தெரு வழக்கப்படி அவரை நாலு தடவை அழைக்கும்படி உத்தரவாக வேண்டும் என்று. முன்சீப் அதைத் தள்ளினார். "மூன்று முறை அழைத்து வராதவனை நாலாவது முறை அழைத்தால், ஐந்தாவது முறை வரக்கூடியவனுக்கு அது அநீதி. கோர்ட்டு எங்காவது ஒரு இடத்தில் அநீதியை நிறுத்தித்தான் ஆக வேண்டும். அது மூன்று."

"விடய்யா" என்றார் வக்கீல் வெளியே வந்து, கோதண்டபாணியின் தோளில் தட்டி. "நீ எதற்குக் கவலைப்படுகிறாய்? சட்டத்துக்கு ஆள் முக்கியம் இல்லை, ஆஜர்தான் முக்கியம். நான் பிராக்டீஸுக்கு வந்த நாளாக இப்படி ஒரு கட்சிக்காரருக்கு ஏங்கியிருக்கிறேன். நேரத்துக்கு இருக்கிறார், வீட்டுக்கு வந்து தொந்தரவு செய்வதில்லை, கேஸ் என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை."

"அது நான் இல்லீங்களே" என்றார் கோதண்டபாணி.

"அதைத்தான் சொல்கிறேன்" என்றார் வக்கீல்.

விஷயம் சுற்றுவட்டாரத்தில் பரவியது. முசரவாக்கத்திலிருந்து நாற்று நடுகிற நாளில் வேலையை விட்டு எவன் வருவான்? கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். கண்ணாயிரம் என்றாலும் "இருக்கேங்க", கங்கையம்மாள் என்றாலும் "இருக்கேங்க". கூண்டில் ஏறச் சொன்னால் படிக்கட்டுப் பலகை கிறீச்சிடும், கூண்டுக் கம்பியில் பனி படியும். கேட்ட கேள்விக்கெல்லாம் "ஆமாங்க" என்று பதில் வரும். அந்த மனிதரை அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்கிறார்களே என்கிற சந்தோஷம் அந்தக் குரலில் இருந்தது.

ஒரு ஜீவனாம்சக் கேஸில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே வரவில்லை. "சேர்ந்து வாழச் சம்மதமா?" என்று முன்சீப் கேட்டார். "ஆமாங்க" என்றது இடது பக்கம். "நீ?" என்றார். "ஆமாங்க" என்றது வலது பக்கம், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு. அந்தப் பக்கம் ஓடி வந்திருக்க வேண்டும். கேஸ் ராஜியாயிற்று.

மேலிடத்திலிருந்து இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த பெரியவர் பூரித்துப்போனார். காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கடந்த ஒரு வருஷமாக இந்தக் கோர்ட்டில் ஆஜராகாதவர் என்று ஒருவர்கூட இல்லை! நீதியின் மேல் ஜனங்களுக்கு இதைவிட என்ன நம்பிக்கை வேண்டும்? கூச்சல் இல்லை, கூட்டம் இல்லை, அழுகை இல்லை. ஒரு கோர்ட்டு எப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் கனவு கண்டோமோ அப்படி இருக்கிறது. ஜனங்கள் இல்லாமல் போனால் எவ்வளவு வேலை நடக்கிறது பார்த்தீர்களா!" தூணடியில் ஒற்றை ஆள் கைதட்டும் ஓசை கேட்டது. பெரியவர் அந்தப் பக்கம் திரும்பி வணக்கம் சொன்னார்.

கடைசியில் கோதண்டபாணி கேஸ் விசாரணைக்கு வந்தது. லோகாம்பாளும் வந்திருந்தாள். மூன்று கூப்பாடு, "இருக்கேங்க", படிக்கட்டின் கிறீச்சு. கலியனின் வக்கீல் எழுந்தார். அவர் ஒரு வருஷமாக இந்தச் சாட்சியைக் கவனித்து வந்தவர்.

"கோதண்டபாணி, அந்தச் சந்து கலியனுடைய பாட்டன் சொத்து. சரிதானே?"

"ஆமாங்க."

"அடப்பாவி!" என்று லோகாம்பாள் கத்தினாள். "யோவ், வாயத் தொற! ஊட்டுக்குப் போற வழி போவுதுய்யா!"

அப்போதுதான் கோதண்டபாணி, யாரும் கூப்பிடாமலே, எழுந்தார். "அது நான் இல்லீங்க எசமான்! நாந்தான் கோதண்டபாணி!"

முன்சீப் நிமிர்ந்தார். அவருக்கு அழகான கண்கள் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"கோதண்டபாணி கூண்டில் இருக்கிறார். நீ யார்?"

"கூண்டுல யாரும் இல்லீங்களே!"

"இல்லாதவர் எப்படிப் பதில் சொல்வார்? நீ கோதண்டபாணி என்றால் கூப்பிட்டபோது ஏன் வரவில்லை?"

"மூணு தடவதான கூப்ட்டாங்க. பேயா இருந்தா இன்னா பண்றதுங்க?"

பங்கா ஒரு பக்கம் போனது. திரும்பி வரவில்லை. முன்சீப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இந்தக் கோர்ட்டு பேய்களை அங்கீகரிப்பதில்லை" என்றார். "ஆகவே இங்கே ஆஜராகிப் பதில் சொல்கிறவர் பேயாக இருக்க முடியாது. கோதண்டபாணி ஒவ்வொரு வாய்தாவிலும் ஆஜர் என்று என் கையால் எழுதியிருக்கிறேன். நீ எந்தக் கேஸ் கட்டிலும் இல்லை. எங்கேயும் பதிவாகாதவன், கூப்பிட்டால் வராதவன், கூப்பிடாதபோது நட்டநடுக் கூடத்தில் திடீரென்று எழும்பி அலறுகிறவன், அவனுக்கு உங்கள் தெருவில் என்ன பெயர்?"

கோதண்டபாணி யோசித்துப் பார்த்தார். உண்மையிலேயே யோசித்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார். அன்றைக்கு அவை அரக்கு நிறமாக இருந்தன.

"பேய்ங்க" என்றார் மெதுவாக.

"உட்கார்" என்றார் முன்சீப். "கோர்ட்டு அங்கீகரிக்காததால் உன் மேல் நடவடிக்கை எடுக்கவும் முடியாது."

ராஜகோபால் வக்கீல் சளைக்கவில்லை. கூண்டைப் பார்த்து, "சந்து உங்களுக்குத்தானே சொந்தம்?" என்றார். "ஆமாங்க" என்றது குரல். கடைசியாகச் சொன்னது எதுவோ அதுவே நிற்கும் என்று முன்சீப் தீர்ப்பு எழுதினார். தட்டியைப் பிரித்து, சந்தை ஆஜரான கோதண்டபாணியிடம் கோர்ட்டு அமீனா ஒப்படைக்க வேண்டும். ஆஜராகாத ஆசாமிக்கு அதில் யாதொரு பாத்தியதையும் கிடையாது.

அன்று கோர்ட்டு வாசலில் காப்பிக் கடைக்காரர் எல்லாருக்கும் டம்ளரை நீட்டினார், கோதண்டபாணிக்கு நீட்டவில்லை. கூட்டத்தில் தவறியிருக்கலாம். ஆனால் கோதண்டபாணி கேட்கவும் இல்லை. உச்சி வெயிலில் காலடியைக் குனிந்து பார்த்தார், நிழல் தெரியவில்லை. "சூரியன் தலைக்கு மேல இருக்குது, வேறொண்ணும் இல்ல" என்று சொல்லி லோகாம்பாள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வழக்கம்போல மயானம் வழியாகத்தான் போனார்கள். கோதண்டபாணி அன்றைக்கு அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றார் என்று பிற்பாடு அவளே சொன்னாள், யாரோ தெரிந்தவர்கள் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி.

அமீனா ஒரு காலைப்பொழுதில் தண்டோராக்காரனோடு வந்தார். தட்டியைப் பிரித்தார். ஒப்படைப்புக்கு அடையாளமாகச் சந்தின் மண்ணை ஒரு பிடி அள்ளிக்கொண்டு, "கோதண்டபாணி!" என்று மூன்று தடவை கூப்பிட்டார். வீட்டுக்குள்ளே கோதண்டபாணி தூணைக் கட்டிக்கொண்டு நின்றார். சந்துக்குள் யாரோ நடந்து வருகிற ஈரமான காலடி கேட்டது. "இருக்கேங்க." அமீனா நீட்டிய உள்ளங்கையிலிருந்து மண் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கீழேயும் விழவில்லை. அமீனா முப்பது வருஷ சர்வீஸ்காரர். 'ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, முதுகைத் திருப்பாமல் பின்பக்கமாகவே நடந்து தெருவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அவர் போன பின்னாடியே கலியன் வந்தார். சந்தின் வாயில் நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "சாமி, இங்க ஒரு சின்ன ரூம்பு கட்டிக்கறேன். மாப்பிள்ளைக்குத்தான். சம்மதம்தான?"

"ஆமாங்க."

மத்தியானத்துக்குள் செங்கல் வந்து இறங்கியது. லோகாம்பாள் உள்ளேயிருந்து வந்து, "இந்தக் கல்லையெல்லாம் தூக்கிக் கடாசிடட்டுமா?" என்று கேட்டாள். "ஆமாங்க." கடாசினாள். கலியன் மறுபடி கேட்டு மறுபடி அடுக்கினார். இப்படியே அடுக்குவதும் கடாசுவதுமாக இருந்தது. ஆனால் கலியனுக்குக் கொத்தனார் உண்டு, அவள் ஒருத்தி. கோதண்டபாணியோ உள்ளேயே உட்கார்ந்து, தான் கேட்டால் அந்தக் காதில் விழுமா என்கிற சந்தேகத்திலேயே இருந்தார். சுவர் முழங்கால் உயரம் ஏறிவிட்டது.

அன்றைக்கு லோகாம்பாள் வேலையை விட்டுவிட்டு, சுவருக்கு உள்பக்கம், சந்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"யோவ், உன்னத்தான்" என்றாள் வெறும் காற்றைப் பார்த்து. "எல்லாத்துக்கும் ஆமாங்க ஆமாங்கன்றியே, உன் பேரு இன்னாய்யா?"

சந்து சில்லிட்டது. கொடியில் காய்ந்த நூலிலிருந்து சாயம் சொட்ட ஆரம்பித்தது. அது நேற்றே காய்ந்த நூல். நெடுநேரம் கழித்து, யாரோ பேச வாயைத் திறந்து திறந்து மூடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"சரி, சரி, வுடு" என்றாள் லோகாம்பாள். அவள் குரல் இறங்கியிருந்தது. "ஞாபகம் வரலன்னா போவுது. வரும்போது சொல்லு. யாரும் இங்க உன்னத் தள்ளுபடி பண்ணப் போறதில்ல. அந்த ஓரமா இருந்துக்கோ. ஆனா ஒண்ணு, இனிமே ஆருன்னா வந்து எதுனா கேட்டா, ஆமாங்கன்னு சொல்லாத. உன்ன அத்தினி வருசமா அந்தக் கோர்ட்டுல இன்னா சொல்லித் திருப்பி அனுப்புனாங்களோ, அதையே நீயும் சொல்லு."

மறுநாள் காலையில் கலியன் கொத்தனாரோடு வந்தார். "சாமி, இன்னிக்கு இடுப்பு ஒசரம் ஏத்திடலாமா?"

சந்துக்குள் தொண்டையைச் செருமுகிற ஓசை.

"வாய்தா" என்றது குரல்.

கொத்தனார் கரணையைப் போட்டுவிட்டு ஓடியவர், அதை எடுத்துக்கொள்ளக்கூடத் திரும்பி வரவில்லை. கலியன் அங்கேயே நின்றார். அதட்டிப் பார்த்தார், கும்பிட்டுப் பார்த்தார், வக்கீலைக் கூட்டி வந்தார். வக்கீல் அந்தச் சொல்லைக் கேட்டதும் தன்னையறியாமல் தலைகுனிந்து, கேஸ் கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதை எதிர்த்து வாதாட அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

முழங்கால் சுவரை லோகாம்பாள் தன் கையாலேயே பெயர்த்தாள். கோதண்டபாணி ஒரு விடியற்காலை, நூல் கழிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, சந்தின் வாயில் தயங்கி நின்றார். அது தன் வழிதானா, தான் போகலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம். சுவரோரம் ஏதோ ஒன்று கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது. அவர் நடந்தார். இன்றைக்கும் நடக்கிறார்.

மாப்பிள்ளை இன்னும் ஊருக்கு வரவில்லை. கலியன் ஒவ்வொரு மாசமும் திங்கட்கிழமை பார்த்துக் குளித்து, திருநீறு பூசி, சலவை வேட்டியோடு சந்தின் வாயில் வந்து நிற்கிறார். கேட்கிறார். உள்ளேயிருந்து பதில் வருகிறது. "எப்போங்க?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்கிறார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வீட்டுக்குப் போகிறார்.